அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கிரிஸ்டல் செட்: எடுத்துப் புழங்கலாமா?

1. கொரட்டூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அப்பா 15 வருடம் துபாயில் வேலை பார்த்தார். 1994இல் லீவில் வந்தபோது ஒரு கிரிஸ்டல் செட் கொண்டுவந்தார். ஆறு டம்ளர், ஒரு ஜக், கண்ணாடி மூடி போட்ட சீசா, பழம் வைக்கிற பெரிய கிண்ணம், ஒரு பூச்சாடி. டம்ளர்களைத் தன் பனியனிலும் துண்டிலும் சுற்றிக் கைப்பையில் வைத்து, வழியெல்லாம் மடியைவிட்டு இறக்காமல் வந்தாராம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்வாள். அன்று ஷோகேஸுக்குள் போனதுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துடைக்க வெளியே வரும். இந்த 30 வருடத்தில் அதில் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

வருகிற மாதம் அப்பாவுக்கு 70 ஆகிறது. பீமரத சாந்தியை வீட்டோடு சின்னதாகச் செய்கிறோம். அன்றைக்கு வருகிறவர்களுக்கு இந்த டம்ளரில்தான் பானகமும் நீர்மோரும் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சொன்னவுடனே அத்தை, "அதில் ஈயம் கலந்திருக்கும், வாயில் வைக்கக் கூடாது" என்றார். அம்மாவுக்கு உடைந்துவிடுமோ என்று பயம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார்.

கிண்ணத்தின் அடியில் தங்க நிற ஸ்டிக்கர் பாதி ஒட்டியிருக்கிறது. "பொஹீமியா" என்பதும் "24" என்பதும் படிக்க முடிகிறது. இது உண்மையான கிரிஸ்டல்தானா? ஈயம் இருக்கிறதா? இருந்தால் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது? இரண்டு டம்ளரில் உள்பக்கம் பால் படிந்த மாதிரி மங்கலாக இருக்கிறது, அது போகுமா?

2. தேரா பஜார்

தங்கச்சி, நான் துபாய் தேராவில் ஒரு கண்ணாடிச் சாமான் கடையில் 11 வருடம் நின்றவன். உங்கள் அப்பா மாதிரி எத்தனையோ பேருக்கு இந்த செட்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஊருக்குக் கிளம்பும் முந்தின வாரம் நம் ஆட்கள் வாங்குகிற சாமானில் இதற்குத் தனி இடம் உண்டு.

அந்த 24 என்பது காரீய ஆக்சைடின் சதவீதம். ஐரோப்பாவில் 1969இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 30 சதவீதமும் அதற்கு மேலும் காரீய ஆக்சைடு இருந்தால் அது முழுக் காரீயக் கிரிஸ்டல். 24 இருந்தால் காரீயக் கிரிஸ்டல். அதற்குக் கீழே இரண்டு வகை உண்டு. அவற்றில் காரீயம் கட்டாயம் இல்லை, துத்தநாகம், பேரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் சேர்ந்து 10 சதவீதம் வந்தாலே போதும். ஆக, உங்களிடம் இருப்பது அநேகமாக அசல் காரீயக் கிரிஸ்டல்.

செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். டம்ளரின் வெளிப்பக்கம் வெட்டியிருக்கும் நட்சத்திரக் கோலத்தின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுங்கள். விளிம்புகள் கூராகத் தட்டுப்பட்டால் அது சக்கரத்தில் பட்டை தீட்டியது. சோப்புக் கட்டி கரைந்த மாதிரி மொழுக்கென்று இருந்தால், பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய கோடும் ஓடினால், அது அச்சில் அழுத்தி எடுத்தது. அச்சுச் சாமானும் அழகுதான், ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

விளிம்பை நகத்தால் சுண்டினால் கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு போகும். கடையில் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஆனால் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிசாக ஊதிய காரீயம் இல்லாத ஒயின் கிளாஸும் நன்றாகவே பாடும். கனத்த காரீயக் கிண்ணம் சில நேரம் "டொக்" என்று நின்றுவிடும்.

3. ஈயச்சொம்பு ரசம்

ஈயம் என்றால் எதற்கு இத்தனை பயம்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். பாட்டி 91 வயது வரை இருந்தார். தாராளமாகக் குடியுங்கள்.

4. ஓய்வுபெற்ற வேதியியல்

மேலே நண்பர் சொன்னதை அப்படியே விட்டால் ஆபத்து, அதனால் உடனே எழுதுகிறேன். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். கிரிஸ்டலில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். பேச்சில் இரண்டையும் ஈயம் என்று சொல்லிவிடுவதால் வருகிற குழப்பம் இது. வெள்ளீயம் சமையலுக்கு ஆகும். காரீயம் நஞ்சு. நரம்பையும் மூளையையும் தாக்கும். குழந்தைகளுக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. (ஈயச் சொம்பு வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்கிறவர்கள் உண்டு.)

சரி, கிரிஸ்டலுக்கு வருவோம். காரீயம் கண்ணாடிக்குள் கட்டுண்டுதான் இருக்கிறது, தொட்டால் ஒட்டாது. ஆனால் புளிப்பும் சாராயமும் அதை மெல்லக் கரைத்து எடுக்கும். 1991இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. போர்ட் ஒயினைக் காரீயக் கிரிஸ்டல் சீசாக்களில் ஊற்றி நான்கு மாதம் வைத்துப் பார்த்தார்கள். ஊற்றும்போது லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் இருந்த காரீயம் 2000, 3000 என்று ஏறி, ஒரு சீசாவில் 5000ஐத் தாண்டியது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வருடக்கணக்கில் வைத்த பிராந்தியில் இன்னும் பல மடங்கு இருந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஊற்றிய சில நிமிடங்களிலேயே கொஞ்சம் கரையத் தொடங்குகிறது. ஆகவே "கொஞ்ச நேரம் என்றால் ஒன்றுமே இல்லை" என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் கிடக்கிறது, எவ்வளவு புளிப்பு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள், பெரியவர் ஒருவர், ஒரு டம்ளர் பானகத்தைக் கையில் வாங்கிக் குடித்து முடிக்கிறார் என்றால் நான் தடுக்க மாட்டேன். அந்த மூடி போட்ட சீசாவில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, ஊறுகாய், ஒயின், எதுவும் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த டம்ளர் வேண்டவே வேண்டாம்.

5. இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நஞ்சு என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் ஒரு நாள் பரவாயில்லை என்கிறீர்கள். வீட்டில் ஸ்டீல் டம்ளர் இல்லையா? விசேஷ வீட்டில் எந்தக் குழந்தை எந்த டம்ளரை எடுக்கும் என்று யார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? என் கருத்து, அது ஷோகேஸிலேயே இருக்கட்டும்.

6. ஓய்வுபெற்ற வேதியியல்

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. குழந்தைகள் ஓடியாடுகிற வீட்டில் அந்த ஆறு டம்ளரையும் தனித் தட்டில், பெரியவர் ஒருவர் கையில்தான் வைத்திருக்க வேண்டும். அதற்கு முடியாது என்றால் நீங்கள் சொல்வதே சரி.

7. நோவி போர் போய்வந்தவன்

நான் செக் நாட்டில் பிர்னோ நகரில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். இந்த இழையில் "கிரிஸ்டல் என்றாலே காரீயம்" என்ற எண்ணம் பரவுவதைப் பார்த்து எழுதுகிறேன், ஏனென்றால் செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் கதை அப்படித் தொடங்கவே இல்லை.

அங்கே வடக்கு மலைக்காடுகளில் மரம் அபரிமிதம். விறகு உலைக்கு, சாம்பல் கண்ணாடிக்கு. மரச் சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாஷும் சுண்ணாம்பும் மணலோடு சேர்த்து உருக்கியதுதான் பழைய பொஹீமியக் கண்ணாடி. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பெயர் வாங்கியது வெனிஸின் முரானோ கண்ணாடி. அது சோடாவில் செய்தது, முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக ஊதலாம், ஆனால் சக்கரத்தில் வைத்து வெட்ட முடியாது. பொஹீமியக் கண்ணாடி கெட்டியானது, கனமாக வார்க்கலாம், ஆழமாகச் செதுக்கலாம். பிராகில் இரண்டாம் ருடால்ஃப் பேரரசரின் அரண்மனையில் காஸ்பர் லேமன் என்ற மணி வெட்டுகிறவர் இருந்தார். ரத்தினக் கல்லில் செய்கிற செதுக்கு வேலையைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். 1609இல் பேரரசர் அவருக்கு அந்த வேலைக்கான தனி உரிமையே கொடுத்தார்.

காரீயம் போட்டது இங்கிலாந்தில். ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற வணிகர் 1674இல் காப்புரிமை வாங்கினார். முதலில் வந்த பாத்திரங்கள் கொஞ்ச நாளில் உள்ளுக்குள்ளேயே பொடிப்பொடியாக வெடிப்பு விட்டன. காரீய ஆக்சைடைச் சேர்த்துச் சேர்த்து அதைச் சரிசெய்தார். காரீயம் சேர்ந்தால் கண்ணாடி சீக்கிரம் இளகும், ரொம்ப நேரம் இளக்கமாக நிற்கும், வெட்டும்போது மிருதுவாக இருக்கும், ஒளியை அதிகமாக வளைக்கும். வானவில் நிறம் தெறிப்பது இதனால்தான். பிற்பாடு செக்காரர்களும் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா வாங்கிய 24 சதவீதச் சாமான் அந்தப் பிந்தைய வழி. கார்லோவி வாரியில் 1857 முதல் இருக்கிற மோசர் நிறுவனம் காரீயம் இல்லாத கண்ணாடிதான் செய்கிறது, விலையோ உச்சம். காரீயம் இல்லை என்றால் மட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அங்கே நோவி போர் என்ற கண்ணாடித் தொழில் ஊரில் ஒரு பட்டறையில் நின்று பார்த்தது கண்ணிலேயே இருக்கிறது. ஊதி, மெல்ல ஆறவைத்த வெற்றுக் கிண்ணம் வரும். அதன் மேல் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாக வெறும் கட்டம் மட்டும் போட்டிருக்கும், பூ வரைந்திருக்காது. வெட்டுகிறவர் கிண்ணத்தைச் சக்கரத்துக்கு மேலே பிடித்து அழுத்துகிறார், வெட்டு விழுவது அடிப்பக்கம். அதாவது தான் வெட்டும் இடத்தை அவர் கண்ணாடி வழியாக, உள்பக்கமிருந்துதான் பார்க்கிறார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, வெள்ளைச் சேறு முழங்கை வரை. ஒரு கோடு கொஞ்சம் ஆழமாகப் போனால் அந்தக் கிண்ணம் அவ்வளவுதான், அழிப்பதற்கு வழி கிடையாது. வெட்டி முடித்ததும் அது பனி படர்ந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பிறகு அமிலக் குளியல் கொடுத்தால்தான் மினுங்கும்.

கையால் கண்ணாடி செய்யும் இந்தத் தொழிலை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. செக், பிரான்ஸ், ஜெர்மனி, ஃபின்லாந்து, ஹங்கேரி, ஸ்பெயின் ஆறு நாடுகளும் சேர்ந்து கேட்டு வாங்கியது.

8. கொரட்டூர்க்காரி

படிக்கப் படிக்க அந்தக் கிண்ணத்தை வேறு மாதிரி பார்க்கிறேன். கட்டைவிரல் சோதனை செய்தேன். கூர்மை நன்றாகத் தெரிகிறது. பூச்சாடியின் ஒரு நட்சத்திரத்தில் மட்டும் ஒரு கோடு மற்றதைவிட நூலிழை நீளம். 30 வருடமாகத் துடைக்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் கை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

ஸ்டிக்கர் பாதிதான் இருப்பதால் 24 என்பதை எப்படி உறுதி செய்வது?

9. ஓய்வுபெற்ற வேதியியல்

சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம், மகளே. பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான்.

முதலில் டம்ளரை உலர்வாக எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அகலமான ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். டம்ளரை நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் இடிக்கக் கூடாது, கையில் தொங்க வேண்டும். சாய்த்து இறக்கினால் உள்ளே காற்று தங்காது. அப்போது தராசு காட்டுகிற கிராம்தான் அந்தக் கண்ணாடியின் கன அளவு, மில்லிலிட்டரில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் வரும். சட்டப்படி 24 சதவீதச் சாமானுக்கு 2.90க்குக் குறையக் கூடாது. முழுக் காரீயத்துக்கு 3.00.

10. கொரட்டூர்க்காரி

செய்துவிட்டேன்! தம்பி நூலைப் பிடித்துக்கொண்டான், நான் எண்ணைப் பார்த்தேன். டம்ளர் உலர்வாக 318 கிராம். தண்ணீருக்குள் 107. வகுத்தால் 2.97. நம்பிக்கை வராமல் கிண்ணத்தையும் பார்த்தோம், 1240க்கு 418. அதுவும் 2.97. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். "கடைக்காரன் பொய் சொல்லவில்லை" என்றார். அந்த ஒரு செட்டுக்கு ஒன்றரை மாத ஓவர்டைம் போட்டதாக நேற்றுத்தான் சொன்னார். அம்மாவுக்கே அது இதுவரை தெரியாது.

11. ஆன்லைனில் வாங்கியவன்

இந்தச் சோதனையை நானும் செய்து பார்த்தேன். போன வருடம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "இத்தாலியன் கிரிஸ்டல், 24 சதவீதம்" என்று போட்டிருந்ததை நம்பி ஆறு டம்ளர் வாங்கினேன். 246 கிராமுக்கு 98. அதாவது 2.51. திருப்பி அனுப்பக் கேட்டால் நாள் கடந்துவிட்டது என்கிறார்கள். என்னுடையது காரீயம் இல்லாத கிரிஸ்டலா, வெறும் கண்ணாடியா?

12. ஓய்வுபெற்ற வேதியியல்

அதை இந்தத் தராசு சொல்லாது. காரீயம் இல்லாத கிரிஸ்டலும் வெறும் கண்ணாடியும் 2.5ஐ ஒட்டியே வரும். 24 என்று சொன்னது பொய் என்பது மட்டும் உறுதி. இன்னொரு பக்கம், அதில் நீங்கள் தினமும் எலுமிச்சைச் சாறு குடிக்கலாம்.

13. காரைக்குடிப் பக்கம்

மங்கலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்குப் பழைய சாமான் வியாபாரம். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால் தெரியும், வீடு இடிக்கிற இடத்திலிருந்து வராத பொருளே இல்லை. நகரத்தார் வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி, சரவிளக்கு, எனாமல் சாமான், வண்ணக் கண்ணாடிச் சீசா எல்லாம் பர்மா, மலாயா வியாபாரக் காலத்தில் வந்து சேர்ந்தவை. ஒரு குறிப்பு: அடியில் "செக்கோஸ்லோவாக்கியா" என்று இருந்தால் அது 1918க்கும் 1992க்கும் நடுவில் செய்தது. அந்த நாடு இருந்ததே அவ்வளவு காலம்தான். உங்களுடைய 1994 சாமானில் முழு ஸ்டிக்கர் இருந்திருந்தால் செக் குடியரசு என்று பார்த்திருக்கலாம்.

மங்கல் இரண்டு வகை. ஒன்று உப்புத் தண்ணீர்ப் படிவு. போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் கவிழ்த்தால் வரும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து பத்து நிமிடம் ஊறவைத்துப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். நாள் முழுக்க ஊறவிட வேண்டாம், வினிகரும் புளிப்புதானே. கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நன்றாக அலசுங்கள். சீசா, பூச்சாடி மாதிரி கை நுழையாத கழுத்து என்றால் இரண்டு கைப்பிடி அரிசியும் கொஞ்சம் வினிகரும் போட்டுச் சுழற்றுங்கள். அரிசி மூலை முடுக்கெல்லாம் தேய்க்கும், கீறாது. கல் உப்பு, மணல், சபீனா எதுவும் வேண்டாம். அந்த அரிசியைத் தூர எறிந்துவிடுங்கள், கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

இரண்டாவது வகை, கண்ணாடியே அரித்துப்போனது. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டதாலோ, ஈரத்தோடு காகிதம் சுற்றிப் பல வருடம் பரணில் கிடந்ததாலோ வரும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. எப்படிக் கண்டுபிடிப்பது? உள்பக்கம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நனைந்திருக்கும்போது மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்து, வினிகருக்கும் அசையவில்லை என்றால் அது அரிப்பு.

வைக்கும்போது வாய் மேலே பார்க்க வையுங்கள். தூசி விழும் என்று எல்லோரும் கவிழ்க்கிறார்கள், விளிம்புதான் ரொம்ப மெல்லிய இடம், பாரம் முழுக்க அதில் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று சொருகவே கூடாது. சொருகிச் சிக்கிக்கொண்டால் மேல் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர், கீழ் டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில். சுடுநீர் இல்லை, வெதுவெதுப்பு. கொதிக்கிற பாயசத்தை இதில் ஊற்றினால் "படக்" என்று அடியோடு விட்டுவிடும்.

14. கொரட்டூர்க்காரி

ஒரு டம்ளர் வினிகரில் புதுசு மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்று நீங்கள் சொன்ன இரண்டாவது வகை, நனைத்தால் தெளிகிறது, காய்ந்தால் மங்குகிறது. சரி, அதில் பேனா போட்டு அப்பா மேசையில் வைத்துவிடுகிறேன்.

15. மேவார் சுற்றுலா

கிரிஸ்டல் பேச்சு என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உதய்பூர் அரண்மனையில் ஃபதே பிரகாஷ் பகுதியில் ஒரு கிரிஸ்டல் காட்சிக்கூடம் இருக்கிறது, அவசியம் பாருங்கள். மகாராணா சஜ்ஜன் சிங் 1877இல் பர்மிங்காமின் ஆஸ்லர் நிறுவனத்துக்கு ஆர்டர் கொடுத்தார். லண்டனில் 1851இல் நடந்த மாபெரும் கண்காட்சியின் நடுவில் 27 அடி உயரத்துக்குக் கண்ணாடி நீரூற்று வைத்தார்களே, அதே ஆஸ்லர். மேசை, நாற்காலி, சோபா, கட்டில் வரை கிரிஸ்டல். மகாராணா 1884இல் இறந்துபோனார், சாமானை அவர் பார்க்கவே இல்லை. வந்த பெட்டிகள் நூறு வருடத்துக்கு மேல் பிரிக்காமலேயே கிடந்தன. அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது. உங்கள் அப்பா கையால் அந்த டம்ளரை வாங்கிக் குடிக்க வையுங்கள், தோழி.

16. மேசை அலங்காரம்

நான் சின்ன அளவில் கல்யாண வரவேற்பு மேசைகள் அலங்காரம் செய்கிறேன். பட்டை தீட்டிய கண்ணாடிக்கு அழகு பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. உங்கள் ஷோகேஸில் மேலே வெள்ளை டியூப்லைட் இருக்கும் என்று நினைக்கிறேன், அது பரவலான வெளிச்சம், எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். சின்னதாக ஒரே புள்ளியிலிருந்து வரும் விளக்கு வேண்டும். மஞ்சள் சாயலுள்ள எல்இடி பொட்டு விளக்கை மேலேயிருந்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடுங்கள், சுவரில் வானவில் துண்டுகள் விழும். அகல் விளக்கு பக்கத்தில் இருந்தால் இன்னும் அழகு, சுடர் அசைய அசைய வெட்டு ஒவ்வொன்றும் மாறி மாறி மின்னும். கண்ணாடியை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள், சூடு படக் கூடாது.

அடியில் பூப்போட்ட விரிப்பு வேண்டாம். கண்ணாடியிலேயே அத்தனை வேலைப்பாடு இருக்கிறது, கீழேயும் பூ என்றால் கண் எங்கே நிற்கும்? கருநீலமோ அரக்கோ ஒரே நிறப் பட்டுத் துணி, புடவையின் உடல் பகுதி போதும். பெரிய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மல்லிகையும் ஒரே ஒரு தாமரையும் மிதக்க விடுங்கள். தண்ணீர் இருக்கும்போது வெட்டுகள் இரண்டு மடங்காகத் தெரியும். பூச்சாடியில் நெட்டையான சம்பங்கி. தண்டு தெரியும் என்பதால் அடி இலைகளை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே தண்ணீர் கலங்கும். சந்தனம், கல்கண்டு, பாக்கு எல்லாம் உலர்வாக, சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் தனியாக இருக்கட்டும். ஒரு மேசையில் ஒரு கிரிஸ்டல் கூட்டம் போதும், அங்கங்கே இறைத்தால் எடுபடாது.

17. கொரட்டூர்க்காரி

நேற்று விசேஷம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

குழந்தைகளுக்கும், மாசமாக இருக்கும் என் நாத்தனாருக்கும் எவர்சில்வர் டம்ளர். இரண்டு பிள்ளைகளின் அம்மா சொன்னது மனதில் நின்றதால், கிரிஸ்டல் டம்ளரைத் தட்டில் வைத்தே விடவில்லை, நானே ஊற்றி நானே கையில் கொடுத்துக் கையோடு வாங்கினேன். பானகத்தை ஜக்கில் ஊற்றி வைக்காமல் பித்தளைச் செம்பிலிருந்து... இல்லை, அதற்கும் புளிப்பு ஆகாது என்று அம்மா நிறுத்திவிட்டாள், எவர்சில்வர் தூக்கிலிருந்து மொண்டு ஊற்றினோம். சீசா காலியாகவே மேசையில் நின்றது, அதுவே அழகு.

முதல் டம்ளர் அப்பாவுக்கு. ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பானகத்தின் வெல்ல நிறம் அந்த நட்சத்திரத்துக்குள் போய்த் தேன் மாதிரி உடைந்து நின்றது. பிறகு அவராகவே நகத்தால் விளிம்பைச் சுண்டினார். "கடையில் இப்படித்தான் தட்டிக் காட்டினான்" என்றார். அத்தை தன் டம்ளரை முகர்ந்துகூடப் பார்த்தார், கடைசியில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார், கொடுக்கவில்லை, ஸ்டீலில்தான் கொடுத்தேன்.

ஒரே வருத்தம், கழுவும்போது ஒரு டம்ளர் குழாயில் இடித்து விளிம்பில் அரிசி அளவு சில்லு போய்விட்டது. இடித்தது அம்மா. பயந்தது நடந்துவிட்டதே என்று அழுதாள். அப்பா அந்தச் சில்லைத் தேடி எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். ஒட்ட முடியுமா?

18. காரைக்குடிப் பக்கம்

ஒட்டாதீர்கள், ஒட்டினாலும் உதட்டில் குத்தும். அரிசி அளவுதான் என்றால் கவலை வேண்டாம். கண்ணாடி விளிம்பு தேய்த்து மெருகு போடுகிற ஆளிடம் கொடுத்தால் வாய் முழுக்க ஒரே மட்டமாக இரண்டு மில்லிமீட்டர் இறக்கிக் கொடுப்பார். தேய்க்கும்போது தண்ணீர் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், காய்ந்த தூளில் காரீயம் இருக்கும், மூச்சில் போகக் கூடாது. மற்ற ஐந்தின் பக்கத்தில் வைத்தால் உங்களுக்கு மட்டும்தான் உயரம் குறைந்தது தெரியும். அதுவரை கிள்ளிப்போன இடத்தில் செலோடேப் ஒட்டி வையுங்கள், கை பட்டுவிடப் போகிறது. அடுத்த தடவை கழுவும்போது தொட்டிக்குள் ஒரு துண்டை நான்காக மடித்து விரித்துக்கொள்ளுங்கள், குழாய் மூக்கில் ஒரு பழைய சாக்ஸ் மாட்டிவிடுங்கள். அம்மாவிடம், எங்கள் கடையில் 40 வருடமாகத் தொழில் பார்க்கிறவர்களும் மாதம் ஒன்று உடைக்கிறோம் என்று சொல்லுங்கள்.